நெட்டி ஹால்வர்சனின் இலவச எடை

நெட்டி ஹால்வர்சன் இருபத்திரண்டு வருஷம் ஐடஹோவில் ஒரு தானியக் கிடங்கின் எடைமேடையில் வேலை பார்த்தவள். கோதுமை லாரி மேடையில் ஏறி நிற்கும். அவள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எண்ணைப் பார்த்துச் சீட்டில் எழுதுவாள். லாரி இறங்கிப் போகும். ஏமாற்றப் பார்க்காத ஓட்டுநர் கிடையாது. ஒருவன் இருக்கைக்கு அடியில் இரும்புச் சங்கிலியை ஒளித்து வைத்துக்கொண்டு வருவான். இன்னொருவன் கோதுமையை இறக்கிவிட்டுக் காலி லாரியை எடை போடும்போது ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே நிறுத்திவிட்டு வானத்தைப் பார்ப்பான். நெட்டி ஒலிபெருக்கியில் அவன் பெயரைச் சொல்லி, "சக்கரத்தை மேல ஏத்து, மேகத்தை அப்பறம் பாரு" என்பாள். அவளை ஏமாற்றியவர்கள் யாரும் இல்லை என்று அந்த வட்டாரத்தில் பேச்சு.

அவளை ஏமாற்றியவன் ஒருவன் இருந்தான். அவன் பெயர் டாயில் ஹேக்கட்.

நெட்டியை எனக்குத் தெரிய வந்தது அரிசோனாவில், குவார்ட்ஸைட்டுக்கு வெளியே உள்ள பாலைவனத்தில். வடக்கே பனி விழத் தொடங்கியதும் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் இங்கே இறங்கிவிடுவோம். பலர் வீட்டை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்து வருவார்கள். எங்களைப் போன்ற சிலர் பிக்கப் எனும் திறந்த சரக்கு வண்டியின் முதுகில் வீட்டை ஏற்றிக்கொண்டு வருவோம். கேம்பர் என்பது அதுதான்: ஓட்டுநர் தலைக்கு மேலே படுக்கை, பின்னால் ஓர் அடுப்பு, ஒரு மேஜை, நின்றபடியே குளிக்க ஓர் அலமாரி. மலைப்பாதையோ மணலோ, பிக்கப் போகிற இடத்துக்கெல்லாம் வீடும் போகும். ஆனால் முழுப் பாரமும் அந்த ஒரு வண்டியின் நான்கு சக்கரங்களின் மேல். அதனால் எங்களுக்குள் மற்ற எதைப் பற்றியும் பொய் சொல்லிக்கொள்ளலாம், எடையைப் பற்றி மட்டும் கூடாது.

அவளுடைய கணவன் ஆர்லோ முப்பத்தொரு வருஷம் மரக்கட்டை லாரி ஓட்டியவன். இருவரும் ஓய்வு பெற்ற வருஷம், தங்கள் பிக்கப்பை எடுத்துக்கொண்டு ஹேக்கட்டின் விற்பனைத் திடலுக்குப் போனார்கள். டாயில் ஹேக்கட் அகன்ற தோளும் வெள்ளைத் தொப்பியுமாக, பெண்கள் எல்லாரையும் 'கண்ணு' என்று கூப்பிடும் ஆள். நெட்டிக்கு ஒரு கேம்பர் பிடித்துவிட்டது. பின் ஜன்னலைத் திறந்தால் சமைத்துக்கொண்டே ஆற்றைப் பார்க்கலாம்.

"எடை எவ்வளவு?" என்று கேட்டாள்.

"கதவோரத்துல ஒட்டியிருக்கு பாரு கண்ணு. ரெண்டாயிரத்து எழுநூத்திப் பத்து பவுண்டு. உங்க வண்டிக்கு இது தலையில தொப்பி வெச்ச மாதிரி."

"இவகிட்ட எடை பேசுறே, பாத்துப் பேசு," என்றான் ஆர்லோ. "எடைமேடைக்காரி."

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. எண்ணோட மரியாதை எண் படிக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் தெரியும்."

அந்தப் பேச்சில் நெட்டி குளிர்ந்துபோனாள். இதைப் பின்னாளில் அவளே என்னிடம் சொன்னாள், பல்லைக் கடித்துக்கொண்டு. மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். தங்கள் பிக்கப் தாங்கக்கூடியது மூவாயிரத்து எழுநூறு. கேம்பர், தண்ணீர், சாமான், இரண்டு ஆட்கள் எல்லாம் சேர்த்தால் மூவாயிரத்து அறுநூறு. சரியாக வருகிறது. அவள் வேலை பார்த்த எடைமேடை அங்கிருந்து நாலு மைல். வண்டியை ஒரு தடவை அதில் ஏற்றி இறக்கியிருக்கலாம். போகவில்லை. வருகிற ஒவ்வொருவனையும் சந்தேகப்பட்டே இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவள், ஒரு மாறுதலுக்காக ஒருவனை நம்பினாள்.

அந்தக் கோடையில் இருவரும் கேம்பரைத் தங்களுக்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்டார்கள். தட்டுகள் சரியாமல் இருக்க ஆர்லோ அலமாரிக்கு முன்னால் ரப்பர் கயிறு கட்டினான். மேல்படுக்கைக்கு ஏற முட்டி வலிக்கிறது என்று அவளுக்காக ஒரு மடக்குப்படி செய்தான். கூரையில் சூரியத் தகடு, கீழே இரண்டு பேட்டரி. செப்டம்பரில் ஆரெகன் கடற்கரைக்கு என்று கிளம்பி, வழியில் ஒரு பழைய நண்பனைப் பார்க்க ஒயிட் பேர்ட் மலை இறக்கத்தில் இறங்கினார்கள். பாதி இறக்கத்தில் வலதுபுறப் பின்டயர் வெடித்தது. ஆர்லோ பிரேக்கை மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்து நேராக்கத்தான் பார்த்தான். மேலிருந்த பாரம் அவனை விடவில்லை. வண்டி சாய்ந்து, ஆர்லோ இருந்த பக்கமாகவே புரண்டது. நெட்டிக்குத் தோள் எலும்பு முறிந்தது. ஆர்லோ மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான்.

அடக்கம் முடிந்த பிறகு, உடைந்த வண்டிகளைப் போட்டு வைக்கும் மைதானத்துக்கு அவள் தனியாகப் போனாள். ஆர்லோவின் மூக்குக்கண்ணாடி அங்கே எங்காவது கிடக்கும் என்று. கண்ணாடி கிடைக்கவில்லை. கேம்பரின் கதவு மட்டும் முழுசாகக் கிடந்தது. மழையில் நனைந்து எடை ஸ்டிக்கரின் ஒரு மூலை கிளம்பியிருந்தது. நகத்தால் உரித்தாள். அதற்கு அடியில் இன்னொரு ஸ்டிக்கர் இருந்தது. கம்பெனி ஒட்டியது. மூவாயிரத்து நானூற்று எண்பது.

சின்ன வண்டிக்காரர்களுக்கும் பெரிய கேம்பரை விற்பதற்கு ஹேக்கட் கண்டுபிடித்த வழி அது. கம்பெனி எண்ணின் மேல் தன் எண்ணை ஒட்டிவிடுவது.

வக்கீலிடம் போனாள். கேம்பர் செய்த கம்பெனியை மூடி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. மேல் ஸ்டிக்கரை ஒட்டியது யார் என்பதற்குச் சாட்சி இல்லை. விற்பனைப் பத்திரத்தில் 'எடையை நானே சரிபார்த்துக்கொண்டேன்' என்று ஒரு வரி, அதற்குக் கீழே ஆர்லோவின் கையெழுத்து. இன்சூரன்ஸ் விசாரணைக்காக ஓர் அறையில் ஆறு பேர் உட்கார்ந்தார்கள். ஹேக்கட்டும் வந்திருந்தான், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு.

"எனக்கும் வருத்தம்தான்," என்றான். "ஆனா உள்ளதைச் சொல்லணும். வயசான மனுஷன். பாரத்தோட இறக்கத்துல ஓட்டுறது எல்லாருக்கும் வந்துடாது. ஆர்லோவுக்கு வரலை. அவ்வளவுதான்."

அதே இறக்கத்தில் முப்பத்தொரு வருஷம் கட்டை ஏற்றி இறங்கியவனைப் பற்றித்தான் அப்படிச் சொன்னான்.

"எனக்கு அழுகை வரலை வெண்டெல்," என்று நெட்டி என்னிடம் சொன்னாள். "பசி வந்துச்சு. வெளிய வந்து ஒரு ஹாம்பர்கர் வாங்கி, கார் நிறுத்துற இடத்துல நின்னே தின்னேன். அப்பறம் இன்னொண்ணு. அடக்கத்துக்கப்பறம் அன்னைக்குத்தான் ஒழுங்கா சாப்பிட்டேன். இவனை விடக்கூடாது, அதுக்கு ஒடம்புல தெம்பு வேணும்னு தோணுச்சு."

அடுத்த ஒன்றரை வருஷத்தில் அவள் தனக்கு ஒரு வண்டி உருவாக்கினாள். பின்னால் இரட்டைச் சக்கரம் போட்ட பழைய பிக்கப் ஒன்று. அதற்கு மேல் அதைவிடப் பழைய சின்னக் கேம்பர், உள்ளே எல்லாவற்றையும் பிய்த்தெறிந்துவிட்டு வெறும் கூடாக. தச்சு வேலை, மின்சார வேலை எல்லாம் நூலகப் புத்தகத்தைப் பார்த்து அவளே செய்தாள். ஊறிப்போன பலகையை மாற்றினாள், கூரைச் சந்துகளுக்கு ரப்பர் பூசினாள், அடுப்புக்கு எரிவாயுக் குழாய் இழுத்துச் சோப்பு நுரை பூசிக் கசிவு பார்த்தாள். உள்ளே போகிற ஒவ்வொரு பொருளையும் சமையலறைத் தராசில் வைத்தாள். இரும்பு வாணலி வெளியே போனது, அலுமினியம் உள்ளே வந்தது. ஆர்லோவின் கனத்த கம்பளி மேல்சட்டை ஏழு பவுண்டு. அதை எடுத்துக்கொண்டாள்.

கடைசியாக, தான் வேலை பார்த்த கிடங்கில் கழித்துப் போட்ட நான்கு எடைத்தட்டுகளை வாங்கினாள். பலகை போல இருக்கும். சக்கரத்துக்கு ஒன்று வீதம் கீழே போட்டு வண்டியை ஏற்றினால், எந்தச் சக்கரத்தில் எத்தனை பவுண்டு என்று தனித்தனியாகக் காட்டும். அரசாங்கச் சோதனைக்கு அனுப்பி முத்திரை வாங்கினாள். அந்த முத்திரையை வருஷம் தவறாமல் புதுப்பித்தாள். "ஒரு பவுண்டு தப்புன்னாலும் அவன் தப்பிச்சுடுவான்," என்பாள்.

அதற்குப் பிறகு ஹேக்கட் எந்த ஊர்ச் சந்தையில் கடை போட்டாலும், எதிரே நெட்டியின் வண்டி நிற்கும். ஓர் அட்டை, அதில் இரண்டு சொல்: 'இலவச எடை'. ஒரு மடக்கு நாற்காலி. மடியில் பின்னல் ஊசி. அவள் ஹேக்கட்டின் பெயரை எங்கேயும் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. வழக்குப் போட அவனுக்கு ஒரு நுனியும் கிடைக்கக் கூடாது என்று வக்கீலிடம் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தாள்.

முதல் நாள் அவன் காப்பிக் குவளையோடு வந்தான்.

"என்ன இது கண்ணு?"

"எடை."

"எதுக்கு?"

"தெரிஞ்சுக்க."

"யாருக்குத் தெரிஞ்சுக்க?"

"ஏறுறவங்களுக்கு. நீயும் ஏறேன். சும்மா நில்லு, போதும்."

அவன் சிரித்துவிட்டுப் போனான். மத்தியானத்துக்குள் அவனிடம் அன்று காலையில் கேம்பர் வாங்கிய ஒரு தம்பதி, சும்மா கிடைக்கிறதே என்று தட்டுகளின் மேல் வண்டியை ஏற்றினார்கள். நெட்டி எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தாள். பிக்கப்பின் கதவைத் திறந்து, அது எவ்வளவு தாங்கும் என்ற மஞ்சள் ஸ்டிக்கரை விரலால் தொட்டுக் காட்டினாள். அவ்வளவுதான். அந்த மனைவி இரண்டு எண்ணையும் மூன்று தடவை படித்தாள். பிறகு இருவரும் நேராக ஹேக்கட்டின் கூடாரத்துக்கு நடந்தார்கள். நெட்டி பின்னலை எடுத்துக்கொண்டாள். ஒரு கண்ணிகூடத் தவறவில்லையாம்.

பாலைவனத்துக்கு அவள் முதன்முதலாக வந்த ஜனவரியில்தான் எனக்குப் பக்கத்து இடத்தைப் பிடித்தாள். குளிர்காலத்தில் இங்கே கூடும் வண்டிச் சந்தையை நடத்துகிறவர்கள் இரண்டாம் நாளே அவளை வெளியேற்றினார்கள். ஹேக்கட் சொல்லித்தான். அவள் சண்டை போடவில்லை. சாலையைக் கடந்து எதிர்ப்புறம் அட்டையையும் தட்டுகளையும் போட்டாள். அங்கே எல்லாம் அரசாங்க நிலம், யாரும் தங்கலாம். ஹேக்கட்டின் கொடி அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. அவனுக்கும் அவளுடைய அட்டை நன்றாகத் தெரிந்தது.

மூன்று குளிர்காலம் இப்படிப் போனது. அவனுடைய வியாபாரம் மெலிந்தது. அந்த மூன்றாம் வருஷம் அவன் சாலையைக் கடந்து வந்தான். நானும் அங்கே இருந்தேன், அவளுடைய தண்ணீர்ப் பம்புக்கு ஒரு வளையம் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"உனக்கு என்னதான் வேணும்?" என்றான். "புதுக் கேம்பர் ஒண்ணு தரேன். இருக்குறதுலயே நல்லது. எடுத்துக்கிட்டுப் போ."

"கேம்பர் என்கிட்ட இருக்கு."

"அப்ப வேற என்ன?"

"ஆர்லோவுக்கு ஓட்ட வரலைன்னு ஆறு பேர் முன்னாடி சொன்னே. அது பொய்னு ஆறு பேர் முன்னாடி சொல்லு. எடையை மறைச்சது நான்னு சொல்லு."

"அதைச் சொன்னா என் தொழில் என்ன ஆகும்?"

"அதைத்தான் நானும் பாக்கக் காத்திருக்கேன்."

அவன் சொல்லவில்லை. திரும்பிப் போகும்போது மணலில் எட்டி உதைத்துக்கொண்டே போனான்.

அவள் நல்லவள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வசந்தத்தில் ஹேக்கட்டின் மகளுக்குக் கல்யாணம். சர்ச்சுக்கு எதிரே உள்ள காலி மனையில் நெட்டி அட்டையை வைத்து உட்கார்ந்துவிட்டாள். வந்த விருந்தாளிகளில் பாதிப் பேர் அவனிடம் வண்டி வாங்கியவர்கள். கல்யாண உடையோடு அந்தப் பெண்ணே சாலையைக் கடந்து வந்தாளாம்.

"ப்ளீஸ், இன்னைக்கு ஒரு நாள் விட்டுடுங்க. இது என்னோட கல்யாணம்."

"எனக்கும் ஒரு கல்யாணம் இருந்துச்சு," என்றிருக்கிறாள் நெட்டி. கடைசி விருந்தாளி போகும் வரை அவள் எழுந்திருக்கவில்லை.

இதைக் கேட்டதும் நான், "அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு உன்னை?" என்றேன்.

"ஒண்ணும் பண்ணலை."

"அப்பறம்?"

"அவ அழுதப்ப அவன் ஜன்னல்ல நின்னு பாத்தான். அதுக்காகத்தான் போனேன்." சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு கரண்டி பீன்ஸ் போட்டாள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

நான்காவது குளிர்காலத்தில் ஆல்பர்ட்டாவிலிருந்து லாய்டு, பெர்னீஸ் என்று ஒரு தம்பதி வந்தார்கள். அவர் ஓய்வு பெற்ற குழாய்க்காரர். சந்தையில் ஹேக்கட்டிடம் வாங்கிய புதுக் கேம்பரோடு தட்டுகளின் மேல் ஏறினார். தண்ணீர் ஒரு சொட்டு இல்லை, சாமான் இல்லை, வெறும் வண்டி. பிக்கப்பின் எடையைக் கழித்தால், அப்படியும் கேம்பர் தன் ஸ்டிக்கர் சொன்னதைவிட அறுநூற்று ஐம்பது பவுண்டு அதிகம்.

"உங்க தராசு கெட்டுப்போச்சும்மா," என்றார் லாய்டு.

நெட்டி முத்திரையைக் காட்டினாள். பிறகு கேம்பருக்குள் போய் ஹேர் டிரையரை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். "ஸ்டிக்கர்ல ரெண்டு நிமிஷம் காட்டுங்க. மூலையிலேர்ந்து மெதுவா உரிங்க. நான் தொட மாட்டேன். நீங்களே செய்யுங்க."

அதற்குள் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. பெர்னீஸ் ஃபோனில் படம் எடுத்தாள். மேல் ஸ்டிக்கர் தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில் கம்பெனி எண். லாய்டு மனைவியைப் பார்த்து, "நாம பேரப்பிள்ளைகளை ஏத்திக்கிட்டு மலை ஏறலாம்னு இருந்தோம்," என்றார்.

இந்தக் கேம்பரைச் செய்த கம்பெனி மூடப்பட்டதல்ல. பெர்னீஸ் அந்தப் படத்தை அவர்களுக்கு அனுப்பினாள். சாலையின் இந்தப் பக்கம் அன்று மாலைக்குள் பதினோரு கேம்பர்கள் வரிசையில் நின்றன, எல்லாம் ஹேக்கட் விற்றவை. ஹேர் டிரையர் சூடேறி நின்றுபோய், யாரோ இன்னொன்று கொண்டு வந்தார்கள். அவற்றில் ஏழில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஸ்டிக்கர் இருந்தது. வசந்தத்துக்குள் அவனுடைய விற்பனை உரிமம் போனது. கம்பெனி அவன் மேல் வழக்குப் போட்டது, வாங்கியவர்கள் போட்டார்கள். திடல் போனது, வீடு போனது, மனைவி தங்கையிடம் போய்விட்டாள். நெட்டியின் வக்கீல் ஆர்லோ வழக்கையும் மறுபடி திறக்கலாம் என்றார். "வேண்டாம்," என்றாள். "கோர்ட்டு கொடுக்குறதை வாங்கிக்கிட்டா, அத்தோட கணக்கு முடிஞ்சுதுன்னு அவன் நெனச்சுக்குவான்."

நியாயமாக அதோடு அவள் எங்காவது மீன் பிடிக்கப் போயிருக்கலாம். போகவில்லை. அடுத்த ஜனவரியில் டாயில் ஹேக்கட்டே பாலைவனத்துக்கு வந்தான், வாடிக்கையாளர் யாரோ திருப்பிக் கொடுத்த கேம்பர் ஒன்றைச் சின்னப் பிக்கப்பின் மேல் ஏற்றிக்கொண்டு. வேறு வீடு இல்லை. வண்டி பின்பக்கமாகத் தரையில் இழுபடுகிற மாதிரி நின்றது. டயர்களின் பக்கவாட்டுப் புடைத்திருந்தது. அவன் தண்ணீர் நிரப்பிக்கொண்டு ஹூவால்பாய் மலைப்பக்கம் போகப்போவதாகச் சொன்னார்கள்.

லாய்டும் பெர்னீஸும் உட்பட நாங்கள் ஏழெட்டுப் பேர் காலை வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். நெட்டி எழுந்து அவன் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, "வலதுபுறம் பின்னாடி," என்றாள் மெதுவாக. "முதல் இறக்கத்துலயே போயிடும்."

"போய் அவன்கிட்ட சொல்லு."

"ஏன் சொல்லணும்?"

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் அந்த நாற்காலியிலேயே இருந்தாள். அவன் தண்ணீர்க் குழாயைச் சுருட்டினான், படியை மடக்கினான், என்ஜினைப் போட்டான். நான்தான் பொறுக்காமல் எழுந்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, தானே போய் அவன் வண்டிக்கு முன்னால் நின்றாள்.

"இறங்கு," என்றாள். "உன் வண்டியில என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியும். சொல்லட்டுமா வேண்டாமா? நீ என்ன செய்யணும்னு உனக்குத் தெரியும்."

ஹேக்கட் இறங்கினான். தொப்பி இல்லை. எங்களைப் பார்த்தான். எத்தனை பேர் என்று மனதுக்குள் எண்ணியிருப்பான் போல.

"ஆர்லோ ஹால்வர்சன் நல்லா ஓட்டுற ஆளு," என்றான். "எடையை மறைச்சு வித்தது நான். அவர் மேல பழியைப் போட்டதும் நான்."

"சத்தமா. அங்க பெர்னீஸுக்குக் காது கேக்காது."

திரும்பவும் சொன்னான், சத்தமாக. பெர்னீஸுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

நெட்டி தட்டுகளைப் போட்டாள். ஆயிரத்து நூறு பவுண்டு அதிகம். "தண்ணியை எல்லாம் இறக்கு. பின்டயர் ரெண்டும் செத்துப்போச்சு. மலைக்குப் போகாதே, இங்கயே கிட." சீட்டை எழுதி அவன் கையில் கொடுத்தாள். அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவள் அதற்குள் முதுகைக் காட்டிவிட்டாள்.

அன்று மத்தியானம் கேட்டேன். "இப்ப எப்படி இருக்கு?"

"காலையில அவன் கிளம்புறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன் பாரு, அப்பதான் நல்லா இருந்துச்சு," என்றாள். "எனக்கே பயமா இருந்துச்சு. அதான் எந்திரிச்சேன். அவனுக்காக இல்லை."

"இப்பவாவது போதுமா?"

"போதலை."

ஆறு வருஷம் ஆகிறது. ஹேக்கட் இன்னும் குளிர்காலத்தில் இங்கேதான் வருகிறான், எங்களிடமிருந்து ஒரு முந்நூறு கெஜம் தள்ளி. சந்தையில் நாற்காலி அடுக்கும் வேலை பார்க்கிறான். நெட்டி எடை போடுவதை விடவில்லை. நல்ல விற்பனைக்காரர்கள் சிலர் இப்போது தாங்களாகவே வாடிக்கையாளர்களை அவளிடம் அனுப்புகிறார்கள். கோடையில் அவள் அலாஸ்கா வரை போய் வருகிறாள், மேல்படுக்கையில் ஆர்லோவின் கம்பளிச் சட்டையைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள். சால்மன் மீனை உப்பிட்டுப் பதப்படுத்தி எனக்கும் கொண்டு வருகிறாள்.

கேம்பரின் கழிவுத்தொட்டியைக் காலி செய்யும் இடம் எங்கள் முகாமுக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. நெட்டி அங்கே போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கிளப்பி, ஹேக்கட்டின் இடத்தைச் சுற்றிக்கொண்டு, இரண்டு மைல் தள்ளி உள்ள இன்னொன்றுக்குப் போகிறாள். அவன் காப்பிக் குவளையோடு வாசலில் நிற்கும் நேரம் அது. அவள் வேகத்தைக் குறைத்து, ஜன்னலை இறக்கி, அவனைப் பார்த்துக்கொண்டே கடந்து போகிறாள். அவன் தலையைக் குனிந்துகொள்கிறான்.

"டீசல் வீணாகுது நெட்டி," என்று போன வாரமும் சொன்னேன்.

"ஆகட்டும்," என்றாள்.